மாப்ள... அது பூனையா, பிளாஸ்டிக் பையா?

ராத்திரி பத்தரை மணி. மதுரை கே.கே. நகர், எண்பதடி ரோடு. பரோட்டா கடையில் சால்னா ஊற்றி முடித்த திருப்தியோடு பைக்கில் ரெண்டு பேர். தெரு விளக்கு ஒன்று எரியுது, ஒன்று எரியலை. திடீர்னு ரோட்டோரத்தில் கறுப்பா, உருண்டையா, மேலே ரெண்டு முக்கோணத்தோட ஏதோ ஒன்று.

"டேய் மாப்ள, பூனைடா!"

சடன் பிரேக். வண்டி ஒரு ஆட்டம் ஆடி நிற்கிறது. காற்று லேசாக வீசுகிறது. 'பூனை' மெதுவாகப் பறந்து போய் வேப்பமரத்தில் மாட்டிக்கொள்கிறது. ஜவுளிக்கடை பிளாஸ்டிக் பை! கைப்பிடி ரெண்டும் காது மாதிரி நிமிர்ந்து நின்றிருக்கிறது, அம்புட்டுதான்.

"லூசாடா நீ?" என்று பின்னாடி உட்கார்ந்திருந்தவனுக்கு நாலு சாத்து விழுந்திருக்கும். ஆனா பாஸ், அவன் மண்டைக்குள்ளே நடந்ததைத் தெரிஞ்சுக்கிட்டா சாத்த மாட்டீங்க, சல்யூட் அடிப்பீங்க. ஒரு இருட்டு உருவத்தைப் பார்த்து, 'இது பூனை' என்று முடிவு கட்ட மூளைக்கு ஆகிற நேரம் கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. 1996-ல் பிரான்ஸில் சைமன் தோர்ப் என்ற விஞ்ஞானி இதை அளந்தே காட்டினார். ஒரு படத்தை வெறும் 20 மில்லி செகண்ட் காட்டி, 'இதில் மிருகம் இருக்கா, இல்லையா?' என்று கேட்டார். 150 மில்லி செகண்டுக்குள்ளேயே மிருகம் இருக்கிற படத்துக்கும் இல்லாத படத்துக்கும் மூளையின் மின் அலைகள் வேறு வேறாகப் பிரிந்துவிட்டன. 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் அதற்குள் ஒன்றரை மீட்டர் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்!

அப்படி என்னதான் நடக்குது உள்ளே?

கேமரா இல்லீங்க, கண்ணு!

'கண் என்பது கேமரா' என்று எட்டாம் வகுப்பில் படித்ததை முதலில் மூட்டை கட்டி வையுங்கள். விழித்திரையில் வெளிச்சத்தைப் பிடிக்கிற செல்கள் சுமார் 12 கோடிக்கும் மேல். ஆனால், கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற பார்வை நரம்பில் இருக்கிற 'வயர்'கள் சுமார் 10 லட்சம்தான். ஆக, நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் சொல்வதைச் சுருக்கி ஒரு வயரில் அனுப்பியாக வேண்டும். விழித்திரை என்ன செய்கிறது? 'இங்கே ஒரே மாதிரி வெளிச்சம், விசேஷம் ஒண்ணும் இல்லை' என்கிற பகுதிகளை அமுக்கிவிட்டு, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடங்களை மட்டும் உரக்கச் சொல்கிறது. அதாவது ஓரங்களை. ஓரம் கிடைத்தால்தான் உருவம் கிடைக்கும்.

அந்தச் செய்தி மூளையின் நடுவில் இருக்கிற தலாமஸ் என்ற ஜங்ஷனில் மாறி, பின் மண்டைக்குப் போய்ச் சேர்கிறது. ஆமாம், நாம் 'பார்ப்பது' முன்னால் இருக்கிற கண்ணில் இல்லை, தலைக்குப் பின்னால்! அந்த இடத்துக்குப் பெயர் முதல்நிலை விஷுவல் கார்டெக்ஸ். விஞ்ஞானிகள் செல்லமாக 'வி ஒன்' என்பார்கள்.

அங்கே இருக்கிற நியூரான்கள் என்ன பார்க்கின்றன என்பது 1958 வரைக்கும் யாருக்கும் தெரியாது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்று ரெண்டு இளைஞர்கள். மயக்கத்தில் இருக்கிற ஒரு பூனையின் வி ஒன் பகுதியில் மெல்லிசான மின்முனை ஒன்றைச் செருகி, ஒரே ஒரு நியூரானை ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய கறுப்புப் புள்ளியைத் திரையில் காட்டினார்கள். நியூரான் கம்மென்று இருந்தது. மணிக்கணக்கில் இதே கதை. கடைசியில் ஸ்லைடை மாற்றும்போது, திடீரென்று ஒலிபெருக்கியில் மெஷின் கன் மாதிரி 'படபட'வென்று சத்தம். புள்ளிக்காக அது துடிக்கவில்லை. ஸ்லைடைச் செருகும்போது அந்தக் கண்ணாடியின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய நிழல் கோடு போட்டது பாருங்கள், அந்தக் கோட்டுக்கு! அதுவும் குறிப்பிட்ட சாய்வில் வந்தால் மட்டும். கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் கம்.

இந்த விபத்துக்குப் பின்னால் இருபது வருட உழைப்பு. 1981-ல் இருவருக்கும் நோபல் பரிசு. (பூனைக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். விலங்குகளை வைத்துச் செய்கிற இந்த மாதிரி ஆராய்ச்சி பற்றி எனக்கும் ஒரு சங்கடம் உண்டு. அதற்குத்தான் மறுபடி வரப்போகிறோம்.)

கள்ளழகர் கணக்கு

நம்ம ஊர் பாணியில் சொன்னால், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு வைகைக் கரை எங்கும் போலீஸ் நிற்பார்கள் அல்லவா? ஒவ்வொரு கான்ஸ்டபிளுக்கும் பத்தடி இடம்தான் கணக்கு. அவர் தன் இடத்தை மட்டும் பார்ப்பார். மொத்தக் கூட்டம் எப்படி நகர்கிறது என்று அவருக்குத் தெரியாது. வி ஒன் நியூரானும் அப்படித்தான். பார்வைப் பரப்பில் அதற்கென்று ஒரு துளி இடம். அந்த இடத்தில் 'இந்தச் சாய்வில் கோடு' வந்தால் மட்டும் வயர்லெஸ்ஸில் கத்தும். பூனை, பை, பக்கத்து வீட்டு மாமா எதுவும் அதற்குத் தெரியாது.

கான்ஸ்டபிள் சொல்வதை ஏட்டு கேட்கிறார். ஏட்டுகள் சொல்வதை இன்ஸ்பெக்டர் கேட்கிறார். மூளையிலும் இப்படி அடுத்தடுத்த மாடிகள் உண்டு. இரண்டாம் மாடியான 'வி டூ'வில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அங்கே சில நியூரான்கள் இல்லாத கோட்டுக்கும் கத்தும்! 1984-ல் ஜூரிச் விஞ்ஞானிகள் குரங்குகளிடம் இதைக் கண்டுபிடித்தார்கள். மார்கழி மாதம் வாசலில் உங்க அக்கா புள்ளி மட்டும் வைத்துவிட்டுக் கோலமாவு எடுக்க உள்ளே போகிறாள். அந்தப் புள்ளிகளைப் பார்த்ததும் உங்கள் கண்ணுக்கு ஏற்கெனவே ஒரு டைமண்ட் தெரிகிறதே, எப்படி? கிடைத்த துண்டுகளை வைத்து 'இங்கே ஒரு ஓரம் இருந்தே ஆகணும்' என்று ஊகிப்பது மூளையின் பிறவிக் குணம்.

அதற்கு மேல் 'வி ஃபோர்'. இங்கே வளைவுகள்தான் ராஜா. அனிதா பசுபதி, எட் கானர் இருவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1999-லும் 2002-லும் வெளியிட்ட ஆய்வுகள் சொன்னது இதுதான்: இங்கே ஒரு நியூரான் 'வலது பக்கம் கூர்மையாக வெளியே துருத்துகிறது' என்றால் கத்தும். இன்னொன்று 'மேலே குழிவாக இருக்கிறது' என்றால் கத்தும். நூற்றுச் சொச்சம் நியூரான்களின் கூச்சலை மட்டும் கேட்டே, குரங்கு பார்த்துக்கொண்டிருந்த உருவத்தைத் தோராயமாகத் திரும்ப வரைந்துவிட்டார்கள்! ஒரு நியூரானுக்கு ஒரு உருவம் என்று பட்டா போட்டுக் கொடுக்கவில்லை. எத்தனை பேர், எங்கே, எவ்வளவு சத்தமாகக் கத்துகிறார்கள் என்ற மொத்தக் கச்சேரிதான் உருவம். நம்ம எண்பதடி ரோடு பையின் ரெண்டு கைப்பிடியும் போட்ட கூச்சல், பூனைக் காது போடுகிற கூச்சலுக்கு ரொம்ப நெருக்கம். மாப்ளயைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்?

கடைசி மாடி, காதுக்கு மேலே உள்ளே தள்ளி இருக்கிற இன்ஃபீரியர் டெம்போரல் பகுதி. 1969-ல் சார்லஸ் கிராஸ் குழுவினர் இங்கே ஒரு குரங்கு நியூரானைப் பிடித்து, கோடு, வட்டம், கட்டம் என்று எதைக் காட்டியும் மசியவில்லை. வெறுத்துப்போய்த் திரைக்கு முன்னால் கையை ஆட்ட, நியூரான் குதித்தது! அட்டையில் விதவிதமாக உருவங்கள் வெட்டிக் காட்டிப் பார்த்தார்கள். குரங்கின் கை உருவத்துக்குத்தான் முதல் மார்க். ஆரம்பத்தில் பல பேர் நம்பவே இல்லை.

அதே காலத்தில் ஜெர்ரி லெட்வின் என்ற பேராசிரியர் வகுப்பில் ஒரு ஜோக் அடித்தார். 'அப்படின்னா, பாட்டியைப் பார்த்தா மட்டும் கத்துகிற நியூரான்கூட இருக்குமோ?' நம்ம பக்கம் சொன்னால் அப்பத்தா செல்! ஜோக் என்று விட்டதை 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆஸ்பத்திரியில் கிட்டத்தட்ட நிஜமாகப் பார்த்தார்கள். வலிப்பு நோய்க்காக மூளையில் மின்முனை வைத்திருந்த நோயாளிகளிடம் நடிகர் நடிகைகள் படத்தைக் காட்டினார் கியான் கிரோகா. ஒருவரின் மூளையில் ஒரு நியூரான் ஹாலி பெர்ரி படத்துக்கு மட்டும் துடித்தது. அவர் கேட்வுமன் வேஷத்தில் முகமூடி போட்டிருந்தாலும் துடித்தது. வெறும் பெயரை எழுத்தில் காட்டினாலும் துடித்தது! மதுரையில் இந்தச் சோதனையைச் செய்தால் எந்த நடிகருக்கு எத்தனை நியூரான் என்று ரசிகர் மன்றங்களுக்குள் அடிதடியே வரும். ஆனால் ஒன்று, இந்த நியூரான்கள் இருப்பது நினைவு சம்பந்தப்பட்ட பகுதியில். அவை உருவத்தைப் பார்த்து அறிவதில்லை, அறிந்து முடித்ததை யார் என்று குறித்துக்கொள்கின்றன. அதோடு, ஒருத்தருக்கு ஒரே ஒரு செல்தான் என்றும் யாரும் சொல்லவில்லை.

மீட்னாசி அம்மன் கோயில்

உபதலைப்பைத் தப்பில்லாமல் படித்துவிட்டுத்தானே இங்கே வந்தீர்கள்? இன்னொரு முறை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். திருமலை நாக்கயர் மஹாலுக்கும் இதே கதைதான்.

எழுத்து என்பதும் உருவம்தான். மனிதன் எழுத ஆரம்பித்துச் சில ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. அதற்கென்று தனியாக மூளை வளர அது போதாது. அதனால் ஏற்கெனவே உருவம் பார்த்துக்கொண்டிருந்த நியூரான்களையே நாம் எழுத்து வேலைக்கு இழுத்துவிட்டோம். இதைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.பி. அருணின் ஆய்வகம் விலாவாரியாகத் தோண்டியிருக்கிறது. தெலுங்கு மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள், மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் என்று ஆட்களைப் பிடித்து, ரெண்டு எழுத்தையும் ரெண்டு பேருக்கும் காட்டினார்கள். 2019-ல் வந்த முடிவு: தெரிந்த மொழி என்றால், பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற எழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகப் பிரிந்து தெரிகின்றன. தெரியாத மொழி என்றால் எல்லாம் ஒட்டிக்கொண்ட ஜிலேபி! (இப்போ புரிகிறதா, ஏன் தெரியாத மொழி எல்லாமே நமக்கு ஜிலேபியாகத் தெரிகிறது என்று?) அடுத்த வருஷமே, குழப்பிப் போட்ட எழுத்துகளையும் நாம் சரளமாகப் படிப்பது எப்படி என்று அதே ஆய்வகம் கணக்குப் போட்டுக் காட்டியது. வார்த்தையின் எழுத்து உருவங்களை மூளை ஒரு மொத்தமாகக் கூட்டி வைக்கிறது. உள்ளே ரெண்டு எழுத்து இடம் மாறினாலும் மொத்தம் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் மீட்னாசியும் நமக்கு மீனாட்சியே.

அப்பத்தாவுக்கு வந்தது, அந்தப் பொண்ணுக்கு வரலை

இப்போ விஷயத்துக்கு வருவோம். கே.கே. நகரிலிருந்து கூப்பிடு தூரம், அண்ணா நகர். அரவிந்த் கண் மருத்துவமனை. அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்த மனுஷன். 1992-ல் அவர்கள் ஆரம்பித்த ஆரோலேப், கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை உள்ளூரிலேயே தயாரித்து விலையைத் தரைக்கு இறக்கியது. உங்கள் வீட்டு அப்பத்தாவோ, அம்மாச்சியோ அங்கே போய் வந்திருக்க வாய்ப்பு ரொம்பவே அதிகம்.

கண்புரை எடுத்த அப்பத்தா மறுநாள் கட்டு பிரித்ததும் என்ன செய்கிறார்? 'ஏண்டா இப்பிடி எளைச்சுப் போயிட்ட?' என்று உங்களைப் பார்த்துக் கேட்கிறார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. லென்ஸ் தெளிவானதும் பார்வை தெளிவாகிவிட்டது. ஏனென்றால், அறுபது எழுபது வருஷமாகப் பார்த்துப் பழகிய நியூரான்கள் உள்ளே தயாராக உட்கார்ந்திருந்தன.

ஆனால் பிறக்கும்போதே கண்புரையோடு பிறந்த ஒரு குழந்தை? பன்னிரண்டு வயதிலோ, பதினைந்து வயதிலோ ஆபரேஷன் செய்து கட்டைப் பிரித்தால்?

1688-ல் வில்லியம் மாலினூ என்ற ஐரிஷ்காரர் தத்துவஞானி ஜான் லாக்குக்கு ஒரு கடிதம் எழுதினார். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர், கையால் தடவியே உருண்டை எது, கனசதுரம் எது என்று தெரிந்து வைத்திருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்தே சொல்வாரா? மாலினூவின் மனைவியே பார்வை இழந்தவர். அதனால் அது அவருக்குச் சும்மா கேள்வி இல்லை. முந்நூறு வருஷமாகப் பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் இதைப் பேசித் தீர்த்தார்கள். பதில் வந்தது எங்கிருந்து தெரியுமா? டெல்லியிலிருந்து!

அமெரிக்க எம்.ஐ.டி-யில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, டெல்லி ஐ.ஐ.டி-யில் படித்தவர். டெல்லி டாக்டர் ஷ்ராஃப் கண் மருத்துவமனையோடு சேர்ந்து அவர் ஆரம்பித்த திட்டத்தின் பெயர் 'பிரகாஷ்'. கிராமங்களில் தேடிப்போய், பிறவியிலேயே பார்வை இல்லாத, ஆனால் குணப்படுத்தக்கூடிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து இலவசமாகச் சிகிச்சை. விருப்பப்பட்டவர்களிடம், பார்வை வந்த பிறகு மூளை எப்படிக் கற்றுக்கொள்கிறது என்ற சோதனை.

8 முதல் 17 வயது வரையான ஐந்து பேர். கட்டுப் பிரித்த 48 மணி நேரத்துக்குள், பிள்ளைகள் விளையாடுகிற பிளாக் மாதிரி உருவங்களைக் கொடுத்தார்கள். ஒன்றைத் தடவிவிட்டு, இரண்டில் அது எது என்று தடவியே சொல்லச் சொன்னால் 98 சதவிகிதம் சரி. ஒன்றைப் பார்த்துவிட்டு, இரண்டில் அது எது என்று பார்த்துச் சொல்லச் சொன்னால் 92 சதவிகிதம் சரி. ஆக, கண் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் தடவியதைப் பார்த்துக் கண்டுபிடிக்கச் சொன்னால்... 58 சதவிகிதம். காசு சுண்டிப் போட்டாலே 50 வருமே! 2011-ல் வந்தது இந்த முடிவு. மாலினூவுக்குப் பதில்: தெரியாது சார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில நாள் கழித்து, ஒரு பையனுக்கு ஐந்தே நாளில், மறுபடி சோதித்தபோது மளமளவென்று ஏறிவிட்டது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் டம்ளரையும் செருப்பையும் தொட்டுக்கொண்டே பார்த்ததுதான் டியூஷன்.

ஒரு வட்டம், ஒரு சதுரம், எத்தனை பொருள்?

இன்னும் நெஞ்சைத் தொட்டது எஸ்.கே. என்று ஆய்வுக் கட்டுரை குறிப்பிடுகிற இளைஞரின் கதை. பிறவியிலேயே கண்ணில் லென்ஸ் இல்லை. தேவைப்பட்டது ஒரு கண்ணாடிதான். அது அவருக்குக் கிடைத்தபோது வயது 29. ஆண்டு 2004. 29 வருஷம், ஒரு கண்ணாடிக்கு!

கண்ணாடி போட்டதும் அவருக்கு உலகம் தெரிந்தது. ஆனால் நமக்குத் தெரிகிற மாதிரி இல்லை. ஒரு வட்டமும் சதுரமும் ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கிற மாதிரி கோட்டுப்படம் காட்டினால், நாம் 'ரெண்டு' என்போம். அவர் கோடுகள் அடைத்த ஒவ்வொரு துண்டையும் தனிப் பொருளாகச் சொன்னார். ஒரு கனசதுரப் படம் அவருக்கு மூன்று தனித்தனிக் கட்டங்கள். சாதாரணப் புகைப்படத்தில்கூட நிறமும் வெளிச்சமும் மாறுகிற ஒவ்வொரு இடமும் ஒரு பொருள். நிழலும் ஒரு பொருள். நம்மூர் தெருவில் நிற்கிற கறுப்பு வெள்ளை மாட்டைக் காட்டியிருந்தால், அவருக்கு எத்தனை 'பொருள்' தெரிந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதாவது கான்ஸ்டபிள்கள் எல்லோரும் ட்யூட்டியில் இருக்கிறார்கள். கத்துகிறார்கள். கன்ட்ரோல் ரூமில் மட்டும் ஆள் புதுசு. எந்த ஓரம் எந்த ஓரத்தோடு சேர்ந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் அந்தப் படங்களை அசைத்துக் காட்டினார்கள். வட்டம் ஒரு பக்கம் நகர்கிறது, சதுரம் இன்னொரு பக்கம் நகர்கிறது. எஸ்.கே. டக்கென்று பிடித்துவிட்டார்! சேர்ந்து நகர்கிற துண்டுகள் எல்லாம் ஒரே பொருள். மூளைக்குக் கிடைத்த முதல் பசை அசைவுதான். ஆரம்பத்தில் அவரைப் போன்றவர்கள் எந்தெந்தப் பொருட்களைப் படத்தில் அடையாளம் கண்டார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் நிஜ வாழ்க்கையில் நகர்கிற பொருட்கள்! அசைவைப் பிடித்துக்கொண்டே படிப்படியாக அசையாத உருவங்களையும் கற்றுக்கொண்டார். கண்ணாடி போட்டு ஒன்றரை வருஷம் கழித்துச் சோதித்தபோது பெரிய முன்னேற்றம். 'சின்ன வயசு தாண்டினா அவ்வளவுதான், ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை' என்று பலரும் நினைத்ததை இந்த ஆட்கள் உடைத்துவிட்டார்கள். 12 வயதில் ஆபரேஷன் ஆன ஒரு பெண்ணை இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, கூர்மை குறைவுதான். ஆனால் உருவம் அறிவதில் அவர் நம்மில் பலருக்குச் சளைத்தவர் இல்லை.

எல்லாமே பழக்கம்தானா என்றால், அதுவும் இல்லை. தண்டவாளம் மாதிரி குறுகிக்கொண்டே போகிற ரெண்டு கோடுகளுக்கு நடுவில் ஒரே நீளமுள்ள ரெண்டு குச்சி. மேலே இருக்கிறது பெரிசாகத் தெரியும். கட்டுப் பிரித்த கையோடு பிரகாஷ் பிள்ளைகளுக்கு இதைக் காட்டியபோது, அவர்களும் நம்மைப் போலவே ஏமாந்தார்கள். 2015-ல் வந்த இந்த முடிவைப் பார்த்துப் பல புரொபசர்கள் புருவம் உயர்த்தினார்கள். ரயிலையே பார்க்காத கண்ணுக்குத் தண்டவாளக் குழப்பம் எங்கிருந்து வந்தது? கூட்டிக் கழித்துப் பார்க்கிற சில பழக்கங்கள் வயரிங்கிலேயே வருகின்றன.

சந்தேகமிருந்தால் நீங்களே ஒன்று செய்து பாருங்கள். வைகை மணலில் (தண்ணீர் இல்லாத மாசம் பார்த்துப் போங்கள், அது கஷ்டமே இல்லை) சாயங்காலம் பதிந்த கால்தடத்தை ஃபோட்டோ எடுத்துத் தலைகீழாகத் திருப்புங்கள். பள்ளம் மேடாகிவிடும்! வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்பது மூளையின் நம்பிக்கை. இதை 1988-ல் 'நேச்சர்' இதழில் அழகாக நிரூபித்தவர் நம்ம வி.எஸ். ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ் மாணவர். 1972-ல் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே அதே 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளியிட்டவர். இந்த வயசில் நம்ம அசைன்மென்ட்டையே காப்பி அடித்துக்கொண்டிருக்கிறோம்... சரி, விடுங்கள்.

பூனைக்குட்டி சொன்ன தேதி

மூளைக்கு வயசு வரம்பே இல்லையென்றால், சிகிச்சைக்கு என்ன அவசரம் என்று கேட்கலாம். இங்கேதான் ஹ்யூபலும் வீசலும் மறுபடி வருகிறார்கள். 1963-ல் அவர்கள் பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணை ரெண்டு மூன்று மாதம் தைத்து மூடி வைத்தார்கள். பிரித்த பிறகு கண் நன்றாக இருந்தது. ஆனால் வி ஒன் நியூரான்கள் அந்தக் கண்ணைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் கண்ணின் இடத்தையும் திறந்திருந்த கண் ஆக்கிரமித்துவிட்டது! பெரிய பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. படிக்கவே மனசு கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு 'கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்' என்று காத்திருந்த டாக்டர்களின் வழக்கத்தை மாற்றியது இந்தச் சோதனைதான். அடர்த்தியான புரை என்றால் பிறந்த 6 முதல் 10 வாரங்களுக்குள் எடுத்துவிடுவது நல்லது என்கிறது இன்றைய மருத்துவம். தாமதமாகச் செய்தாலும் பலன் உண்டு என்பது பிரகாஷ் தந்த நல்ல செய்தி. ஆனால் கூர்மையான பார்வை முழுசாகத் திரும்புவதில்லை. முகங்களைப் பிரித்து அறிவதும் பலருக்குச் சிரமமாகவே இருக்கிறது.

சரி, ஏன் பிறக்கும்போதே புரை வருகிறது? இந்தக் கேள்விக்கு நம்ம மதுரையிலேயே பதில் தேடியிருக்கிறார்கள். அரவிந்த் மருத்துவமனையின் டாக்டர் பி. விஜயலட்சுமியும் லண்டன் மருத்துவர்களும் சேர்ந்து, அங்கே வந்த குழந்தைகளை ஆராய்ந்து 1996-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அடிபட்டு வந்த புரையைக் கழித்துவிட்டால், சுமார் கால்வாசி பரம்பரை. சுமார் 15 சதவிகிதம் ருபெல்லா. கர்ப்பமான ஆரம்ப மாதங்களில் அம்மாவுக்கு வருகிற லேசான காய்ச்சல், கொஞ்சம் தடிப்பு. அம்மா மூன்று நாளில் எழுந்து நடமாடுவார். உள்ளே இருக்கிற குழந்தையின் கண், காது, இதயம் போய்விடலாம்.

2017 பிப்ரவரி ஞாபகம் இருக்கா? அப்போ நீங்க ஸ்கூல். வரிசையில் நிற்க வைத்து எல்லோருக்கும் கையில் ஊசி. தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி, 9 மாதம் முதல் 15 வயது வரை. அந்த ஊசியைப் பற்றி வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி பறந்தது, எத்தனை அப்பா அம்மா பிள்ளையை அன்றைக்கு ஸ்கூலுக்கே அனுப்பாமல் லீவு போட வைத்தார்கள் என்பதும் ஞாபகம் இருக்கும். அந்த ஊசி உங்களுக்காக மட்டும் போட்டதில்லை. உங்களுக்கும் உங்கள் கிளாஸ்மேட்களுக்கும் பின்னாளில் பிறக்கப்போகிற பிள்ளைகளின் கண்ணுக்காகவும் போட்டது. அன்றைக்கு லீவு போட்ட ஆள் நீங்கள் என்றால், இப்போதும் ஒரு டாக்டரைப் பார்த்துக் கேட்கலாம். பெண்கள் கர்ப்பமாவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டிய ஊசி அது, கர்ப்பமான பிறகு போடக்கூடாது.

இன்னொரு வேலை உங்கள் பாக்கெட்டிலேயே இருக்கிறது. உங்கள் அக்கா பிள்ளையையோ, பக்கத்து வீட்டுக் குழந்தையையோ ஃப்ளாஷ் போட்டு எடுத்த ஃபோட்டோ இருந்தால் பெரிசு பண்ணிப் பாருங்கள். கண்மணி ரெண்டும் சிவப்பாகத் தெரிந்தால் சாதாரணம். ஒன்று மட்டும் வெள்ளையாக, பூனைக்கண் மாதிரி மின்னினால் அது படம் எடுத்த கோணமாகவும் இருக்கலாம். கண்புரையாகவும் இருக்கலாம். விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். எது என்று டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாசம் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது காட்டிக்கொள்ளலாம் என்று அக்கா சொன்னால், பூனைக்குட்டி கதையை எடுத்து விடுங்கள்.